மூணு ஊசி போட்டும் சினை நிற்கலையா? மாட்டை மட்டும் குறை சொல்லாதீங்க... காளையின் விந்துப் புரதங்கள் சொல்லும் சேதி என்ன?

ஆழ்வார்குறிச்சி, கடையம், அம்பாசமுத்திரம் பக்கம் கறவை மாடு வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இந்த வார்த்தை வராமல் இருக்காது. "மூணு ஊசி போட்டாச்சு அண்ணாச்சி, சினை நிக்கலையே!"

இங்கே ஊசி என்றால் சினை ஊசி. அதாவது செயற்கை முறை கருவூட்டல். மாடு பருவத்துக்கு வந்து கத்தும். கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப் போவார்கள், இல்லையென்றால் ஊசி போடுபவர் வீட்டுக்கே வந்து போட்டுவிட்டுப் போவார். 21 நாள் கழித்து மாடு மறுபடியும் கத்தினால், போட்ட ஊசி வீண் என்று அர்த்தம்.

அந்த 21 நாளில்தான் விவசாயியின் மொத்த கணக்கும் இருக்கிறது. ஒரு தடவை தவறினால் மூணு வாரம் போச்சு. மூணு தடவை தவறினால் 63 நாள். அத்தனை நாளும் வைக்கோல், தவிடு, புண்ணாக்கு என்று செலவு மட்டும் நிற்காமல் ஓடும். கன்று ஈன்ற மாடு மூணு மாசத்துக்குள் மறுபடி சினையாக வேண்டும். அதோடு சுமார் 280 நாள் சினைக்காலத்தைச் சேர்த்தால்தான் 'வருஷத்துக்கு ஒரு கன்று' என்ற கணக்கு கைகூடும். அது தள்ளிப்போனால் அடுத்த ஈத்துப் பாலும் தள்ளிப்போகும். ரொம்பத் தள்ளிப்போனால் மாட்டுக்கு 'மலட்டு மாடு' என்று பட்டம் கட்டி, அடிமாட்டு விலைக்கு வண்டி ஏற்றிவிடுவார்கள்.

இது ஆழ்வார்குறிச்சி பிரச்னை மட்டும் இல்லை. நாட்டில் சினை ஊசி போடப்படும் மாடுகளில் சினை பிடிப்பது சுமார் 35 சதவீதம் என்பதே அரசு ஆவணங்களில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மூணு ஊசிக்கு ஒன்றுதான் பலிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லாரையும் விசாரிச்சாச்சு... காளையை?

சினை நிற்கவில்லை என்றதும் விசாரணை மாட்டிடம்தான் தொடங்கும். தீவனம் பத்தலையா? தாது உப்பு கொடுத்தீங்களா? கர்ப்பப்பையில் புண் இருக்கா? பருவம் சரியா பார்த்தீங்களா, நேரம் தப்பிப் போச்சா? எல்லாமே நியாயமான கேள்விகள்தான். பெரும்பாலான நேரம் காரணமும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அடுத்து ஊசி போட்டவர் மேல் சந்தேகம் போகும். விந்துக் குச்சியை 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி வைத்து உருக்கினாரா, சரியான இடத்தில் வைத்தாரா என்று.

இந்த விசாரணையில் அநேகமாக யாரும் கூப்பிடாத ஒரு ஆள் உண்டு. அது காளை.

கூப்பிடவும் முடியாதே! அந்தக் காளை ஊட்டியிலோ, ஓசூரிலோ, தஞ்சாவூர் மாவட்டம் ஈச்சங்கோட்டையிலோ ஏதோ ஒரு அரசு உறைவிந்து நிலையத்தில் நிற்கும். ஆழ்வார்குறிச்சிக்கு வருவது மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் குளிரில், திரவ நைட்ரஜன் கலனுக்குள் இருக்கும் சின்னக் குச்சி மட்டும்தான். அதில் இருப்பது கால் மில்லி லிட்டர் விந்து. முன்பெல்லாம் ஊர்ப் பொலிகாளை சரியில்லை என்றால் ஒரு ஊருக்குத்தான் நஷ்டம். இப்போது ஒரே காளையிலிருந்து ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான குச்சிகள் தயாராகி, மாவட்டம் மாவட்டமாகப் போகின்றன. அந்தக் காளையிடம் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறை இருந்தால், அது எத்தனை தொழுவங்களில் போய் இறங்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்போ காளையைச் சோதிக்கவே மாட்டாங்களா?

சோதிப்பார்கள். அதில் சந்தேகம் வேண்டாம். மத்திய அரசின் குறைந்தபட்ச தர நெறிமுறைப்படி, ஒரு குச்சியில் 2 கோடி விந்தணுக்கள் இருக்க வேண்டும். உறைய வைத்து, திரும்ப உருக்கிய பிறகும் அவற்றில் குறைந்தது 50 சதவீதம் முன்னோக்கி நீந்த வேண்டும். காசநோய், புருசெல்லோசிஸ் போன்ற நோய்கள் காளைக்கு இல்லை என்பதும் உறுதியாக வேண்டும்.

ஆனால் மைக்ராஸ்கோப்பில் தெரிவது விந்தணுவின் எண்ணிக்கை, உருவம், ஓட்டம். இந்த மூன்றும் பாஸ் ஆன இரண்டு காளைகளை எடுத்துக்கொண்டால், ஒன்றின் குச்சி போட்ட மாடுகள் நன்றாகச் சினை பிடிக்கும். இன்னொன்றின் குச்சி போட்ட மாடுகள் அந்த அளவுக்குப் பிடிக்காது. உலகம் முழுக்க செயற்கை கருவூட்டல் துறையைப் பல காலமாகக் குழப்பி வரும் விஷயம் இது.

விந்தணுவுக்கு வேலை நீந்துவது மட்டும் இல்லை என்பதுதான் இதற்குக் காரணம். கருப்பையைத் தாண்டி கருக்குழாய்க்குள் போக வேண்டும். அங்கே சுவரில் ஒட்டிக்கொண்டு, முட்டை வரும்வரை காத்திருக்க வேண்டும். நேரம் வந்ததும் தன் மேலுறையை மாற்றிக்கொண்டு முட்டையைத் துளைக்கத் தயாராக வேண்டும். உள்ளே போன பிறகு கரு வளரவும் அதன் மரபுப் பொருள் சரியாக இருக்க வேண்டும். சில குறைகளை எண்ணிக்கையால் ஈடுகட்டலாம். பாதி விந்தணு சோம்பேறி என்றால் இரண்டு மடங்கு போட்டால் சரியாகிவிடும். முட்டையைச் சேர்ந்த பிறகு தெரியவரும் குறைக்கு எத்தனை கோடி போட்டும் பிரயோஜனம் இல்லை.

காளையின் தோற்றமும் இதைச் சொல்லாது. ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்தில் சிவசைலம் கோயில் நந்தியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இப்போதே எழுந்து நடக்கப்போகிற மாதிரி இருக்கும் அதன் மிடுக்கு. அப்படியே உயிரோடு ஒரு காளை வந்து நின்றாலும், அதன் விந்து சினை பிடிக்க வைக்குமா என்பதை வெறும் கண்ணால் யாரும் சொல்லிவிட முடியாது.

அணுவை விட்டுட்டு, தண்ணியைப் பார்த்த ஆய்வாளர்கள்

விந்து என்றால் விந்தணு மட்டும் இல்லை. அது மிதந்து வரும் ஒரு திரவமும் உண்டு. விந்துப்பை போன்ற துணைச் சுரப்பிகளில் இருந்துதான் இதில் பெரும்பகுதி வருகிறது. விந்தணுவைச் சுமந்துகொண்டு போகும் வண்டி மாதிரிதான் இந்தத் திரவம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். உண்மையில் இதில் கரைந்திருக்கும் புரதங்கள் விந்தணுவின் மேலே போய் ஒட்டிக்கொள்கின்றன. அதன் உறையை மாற்றுகின்றன, பாதுகாக்கின்றன, சில நேரம் கெடுக்கவும் செய்கின்றன.

1993-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கேரி கில்லியன் தலைமையிலான குழு ஒரு வேலை செய்தது. ஹோல்ஸ்டீன் காளைகளின் விந்தை எடுத்து, அணுக்களை ஒதுக்கிவிட்டு, மிச்சத் திரவத்தில் உள்ள புரதங்களை மட்டும் பிரித்துப் பார்த்தார்கள். எந்தக் காளைக்கு எவ்வளவு சினை பிடிப்பு என்ற பதிவு கையில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சினை பிடிப்பு அதிகமுள்ள காளைகளில் இரண்டு புரதங்கள் தூக்கலாக இருந்தன. சினை பிடிப்பு குறைந்த காளைகளில் வேறு இரண்டு புரதங்கள் தூக்கலாக இருந்தன.

நல்ல காளைகளில் தூக்கலாக இருந்த அந்த இரண்டும் என்ன என்று சில ஆண்டுகளில் அடையாளம் கண்டார்கள். ஒன்றின் பெயர் ஆஸ்டியோபாண்டின். எலும்பில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டதால் அந்தப் பெயர். அதே புரதம் காளையின் விந்திலும் இருக்கிறது! இன்னொன்று லிப்போகாலின் வகையைச் சேர்ந்த புரோஸ்டாகிளாண்டின் டி சிந்தேஸ். பெயரை மனப்பாடம் பண்ண வேண்டாம். சேதி இதுதான். மைக்ராஸ்கோப் சொல்லாத ஒன்றை இந்தத் திரவம் சொல்கிறது.

அரிசோனா பல்கலைக்கழகத்தின் ராய் ஆக்ஸ் உள்ளிட்டோர் இன்னொரு வழியில் போனார்கள். விந்தணுவின் மேல் ஒட்டியிருக்கும் குறிப்பிட்ட ஒரு புரதம் இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் பார்த்தார்கள். அது இருக்கும் காளைகளை விட்ட மந்தைகளில், இல்லாத காளைகளை விட்ட மந்தைகளைவிடக் கூடுதலாகச் சினை பிடித்தது.

புதுசாக இருக்கிறதே என்று தோன்றலாம். மனிதர்களுக்கு இப்படி ஒன்று ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. வயதான ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் சந்தேகம் வந்தால் ரத்தத்தில் பி.எஸ்.ஏ. பார்க்கச் சொல்வார்கள் அல்லவா? அந்த பி.எஸ்.ஏ.வும் அடிப்படையில் ஒரு விந்துப் புரதம்தான். அங்கே நோயைக் காட்டிக்கொடுக்கிறது, இங்கே காளையின் திறனைக் காட்டிக்கொடுக்கிறது.

அளவுக்கு மிஞ்சினால் இந்தப் புரதமும் நஞ்சு

காளை விந்தில் இன்னொரு முக்கியமான குடும்பம் உண்டு. பி.எஸ்.பி. புரதங்கள். விந்துத் திரவத்தில் உள்ள மொத்தப் புரதத்தில் கிட்டத்தட்ட பாதி இவைதான். கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் புட்டசாமி மஞ்சுநாத் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இவற்றைத்தான். இந்தக் குடும்பத்தின் பெரிய அண்ணன் பி.டி.சி-109.

இவர் செய்யும் நல்ல வேலை என்ன? விந்தணுவின் உறையில் ஒட்டிக்கொண்டு, அங்கிருந்து கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி வெளியே எடுப்பார். உறை இளகினால்தான் விந்தணு முட்டையைத் துளைக்கத் தயாராகும். கருக்குழாய் சுவரில் விந்தணு ஒட்டி நிற்கவும் இந்தக் குடும்பம்தான் கைகொடுக்கிறது. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் முஸ்தி சுவாமியின் குழு 2010-ல் இன்னொரு குணத்தையும் காட்டியது. மற்ற புரதங்கள் உருக்குலைந்து போகாமல் தாங்கிப் பிடிக்கும் துணைவன் வேலையையும் இது பார்க்கிறதாம்.

இங்கேதான் ட்விஸ்ட். இயற்கையான சேர்க்கையில் விந்தணுவுக்கும் இந்தத் திரவத்துக்கும் உறவு கொஞ்ச நேரம்தான். பசுவின் உடலுக்குள் போனதும் இரண்டும் பிரிந்துவிடும். ஆனால் விந்தை எடுத்து, குளிர்வித்து, குச்சியில் அடைக்கும் வரை மணிக்கணக்கில் இரண்டும் சேர்ந்தே கிடந்தால்? பி.டி.சி-109 கொழுப்பை உருவுவதை நிறுத்தாது. உறை பலவீனமாகும். அதே நிலையில் கடுங்குளிருக்குள் இறக்கினால் விந்தணு தாங்காது.

அப்படியானால் உறைவிந்து எப்படி வேலை செய்கிறது? பதில் முட்டையில் இருக்கிறது. 1940-களின் தொடக்கத்தில் இருந்தே விந்தைப் பாதுகாக்கும் கரைசலில் கோழி முட்டையின் மஞ்சள் கரு சேர்ப்பது வழக்கம். அது நன்றாக வேலை செய்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், ஏன் என்று சரியாகத் தெரியாது. மஞ்சள் கருவில் உள்ள கொழுப்புப் புரதத் துகள்கள் இந்த பி.எஸ்.பி. புரதங்களைப் பிடித்துக்கொள்கின்றன, அதனால்தான் விந்தணு தப்பிக்கிறது என்பதை மஞ்சுநாத் குழு 2000-க்குப் பிறகு விளக்கியது. அரை நூற்றாண்டுக்கு மேல் காரணம் முழுசாகத் தெரியாமலே எல்லாரும் முட்டையை உடைத்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள்!

உத்தரப் பிரதேசத்தின் இஸத்நகரில் உள்ள இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரு படி மேலே போனார்கள். பி.டி.சி-109-ஐ மட்டும் தேடிப் பிடிக்கும் எதிர்ப்புரதத்தை விந்தில் கலந்து, அதைக் கட்டிப்போட்டுப் பார்த்தார்கள். அப்படிச் செய்த விந்தணுக்களின் தரம் கூடியது.

ஆட்டில் கதையே தலைகீழ். தென் மாவட்டங்களின் கன்னி ஆடு உட்பட எந்த வெள்ளாட்டுக் கிடாவின் விந்திலும் மஞ்சள் கருவை நேரடியாகச் சேர்த்தால் சிக்கல்தான். கிடாவின் சுரப்பி ஒன்றில் இருந்து வரும் நொதி மஞ்சள் கருவைத் திரிய வைத்துவிடும், விந்தணுவும் சாகும். 1957-லேயே ஏ.ராய் என்ற ஆய்வாளர் 'நேச்சர்' இதழில் இதை எழுதிவிட்டார். அதனால்தான் ஆட்டு விந்தை உறைய வைக்கும் முன் திரவத்தைக் கழுவி நீக்கும் முறை வந்தது. ஆக, ஒரு இனத்துக்குக் கண்டுபிடித்த புரதக் குறியை இன்னொரு இனத்துக்கு அப்படியே தூக்கி மாட்ட முடியாது.

நம்ம ஊர் கலப்பின மாடுகளுக்கு இது ஏன் முக்கியம்?

தமிழ்நாட்டின் சமவெளியில் பெரும்பாலும் ஜெர்சி கலப்பினம்தான் பரிந்துரை. கலப்பினப் பசு நன்றாகப் பால் கறக்கும். ஆனால் கலப்பினக் காளை வளர்ப்பவர்களுக்கு அது ஒரு தலைவலி. நாட்டு மாடும் வெளிநாட்டு மாடும் சேர்ந்து பிறந்த காளைகளில் கணிசமானவை விந்து தரம் சரியில்லை, உறைய வைத்தால் தாங்கவில்லை என்று கழிக்கப்படுவது இந்தியா முழுக்க உள்ள பிரச்னை. ராணுவப் பண்ணைகளில் உருவான ஃப்ரீஸ்வால் இனத்திலும் இதே கதைதான்.

ஒரு காளைக்கன்றைத் தேர்ந்தெடுத்து, தீவனம் போட்டு, பழக்கி, விந்து எடுக்கிற நிலைக்குக் கொண்டுவர ஒன்றரை இரண்டு வருஷம் ஆகிவிடும். அதற்குப் பிறகு "இது ஆகாது" என்று தெரிந்தால் அவ்வளவு செலவும் தண்டம். 'ஆகும்' என்று தப்பாக முடிவு செய்துவிட்டால் அதைவிட மோசம். அந்தச் செலவு பண்ணையைத் தாண்டி விவசாயி தலையில் விழும். முதல் சில தடவை எடுத்த விந்திலேயே புரதத்தைப் பார்த்து, இந்தக் காளை தேறுமா என்று சொல்ல முடிந்தால்? அதற்கான தேடல்தான் இப்போது நடக்கிறது. பெங்களூருவில் தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையத்தில் ஏ.குமரேசன் தலைமையிலான குழு, சினை பிடிப்பு அதிகமான, குறைவான கலப்பினக் காளைகளின் விந்தணு, விந்துத் திரவப் புரதங்களை ஒப்பிட்டுத் தொடர்ந்து ஆய்வு செய்து வருகிறது. அதே பெங்களூருவில் தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனத்திலும் காளை, எருமைக்கிடா விந்தில் இந்த வகை ஆய்வுகள் நடக்கின்றன.

அப்போ எங்க ஊர் மருந்தகத்தில் டெஸ்ட் பண்ணலாமா?

முடியாது. இதில் ஒரு தவறான எதிர்பார்ப்பு வந்துவிடக் கூடாது. ஆழ்வார்குறிச்சிக்கு வரும் குச்சியில் இருப்பது பாதுகாப்புக் கரைசல் ஊற்றிப் பலமடங்கு நீர்த்துப்போன விந்து. முட்டைப் புரதமும் அதில் கலந்து கிடக்கும். காளையின் சொந்தத் திரவம் அதில் சொற்பம். குச்சியை வெட்டி வைத்துக்கொண்டு காளையின் ஜாதகத்தைப் படிக்க முடியாது. இந்தச் சோதனை நடக்க வேண்டிய இடம் உறைவிந்து நிலையம். கரைசல் சேர்ப்பதற்கு முன்னால், எடுத்த சூட்டோடு.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஒற்றைப் புரதத்தை வைத்து ஒரு காளையைப் பாஸ், ஃபெயில் போடும் நிலை இன்னும் வரவில்லை. பல ஆய்வுகள் கொஞ்சம் காளைகளை வைத்துச் செய்யப்பட்டவை. ஹோல்ஸ்டீனில் கிடைத்த முடிவு ஜெர்சி கலப்பினத்தில் அப்படியே வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. காளையின் வயசு, வெயில், எத்தனை நாளுக்கு ஒருமுறை விந்து எடுக்கிறார்கள் என்பதெல்லாம் புரத அளவை மாற்றும். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் சேர்த்துப் பார்த்து டாக்டர் ஒரு முடிவுக்கு வருகிற மாதிரி, நாலைந்து புரதங்களை ஓட்டம், உருவம் போன்ற பழைய சோதனைகளோடு சேர்த்துப் பார்ப்பதுதான் சாத்தியமான வழியாகத் தெரிகிறது.

அதற்கு ஆய்வகத்தை விட அதிகமாகத் தேவைப்படுவது ஒரு சாதாரண விஷயம். எந்தக் காளையின் குச்சி, எந்த மாட்டுக்குப் போட்டது, சினை பிடித்ததா இல்லையா என்ற பதிவு. கில்லியன் குழுவுக்கு அந்தப் பதிவு கையில் இருந்ததால்தான் எந்தப் புரதம் நல்லது, எது கெட்டது என்று பிரிக்க முடிந்தது. பதிவு இல்லாவிட்டால் புரதத்தை அளந்து என்ன பண்ண?

மாடு வளர்ப்பவர் இப்போதே செய்யக்கூடியது

குச்சியின் மேல் பொடி எழுத்தில் காளையின் எண், இனம், தயாரான நிலையம், நாள் எல்லாம் அச்சிட்டிருக்கும். ஊசி போட்ட பிறகு பலரும் அதைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அதை வாங்கி போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஊசி போட்ட தேதியும் அதிலேயே பதிவாகிவிடும். ஒரே காளை எண்ணில் இரண்டு தடவை தவறினால், "இந்தத் தடவை வேற காளை போடுங்க சார்" என்று கேட்பதில் தப்பே இல்லை.

மாட்டின் காதில் போடும் மஞ்சள் தோட்டில் 12 இலக்க எண் இருக்கும். 'பாரத் பசுதன்' செயலியில் சினை ஊசி, காளை எண், சினை பரிசோதனை முடிவு எல்லாம் அந்த எண்ணில்தான் ஏற வேண்டும். சினை பிடிக்காததையும் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். பிடித்தது மட்டும் ஏறினால் எந்தக் காளையும் நல்ல காளையாகத்தான் தெரியும்.

காலையில் பருவ அறிகுறி தெரிந்தால் சாயங்காலமும், சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலையும் ஊசி போடுவது பொதுவான கணக்கு. மூணு தடவைக்கு மேல் தவறினால் நாலாவது ஊசிக்கு அவசரப்படாமல், முதலில் கால்நடை மருத்துவரிடம் கர்ப்பப்பையைப் பரிசோதிப்பது நல்லது. நெல்லை ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கும் ஓட்டிப் போகலாம். மாட்டை நகர்த்த முடியாத அவசரம் என்றால் கால்நடை ஆம்புலன்ஸுக்கான கட்டணமில்லா எண் 1962.